பிரகாசி வீட்டு அடி உருண்டை

உப்பு விளைகிற ஊரில் இனிப்பு செய்கிறவளுக்கு மரியாதை அதிகம் என்று சொல்லுவார்கள், நம்பாதீர்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் உப்பளமும் மறுபக்கம் கடலுமாகக் கண்ணைக் கூசவைக்கிற சங்குமேடு காலனியில், உப்பு மூட்டை ஏற்றுகிற தொம்மையின் பெண்டாட்டி பிரகாசி, ஒரு சின்ன ஓவனையும் பழைய பிரிட்ஜையும் வைத்துக்கொண்டு பிறந்தநாள் கேக் செய்து கொடுத்துவந்தாள். கேக்கின் தலையில் மேடாக எழும்புவதைச் சீவி எடுத்தால்தான் கிரீம் சமமாக நிற்கும் என்பதால், சீவிய துண்டுகளை வீணாக்க மனமில்லாமல் உதிர்த்து, வெண்ணெய்க் கிரீம் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, பிரிட்ஜில் இறுகவிட்டு, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுத்து, அதை ஆர்டர் கேக்கோடு ஒரு டப்பாவில் இலவசமாகக் கொடுத்துவிடுவாள். கேக்கைவிட அந்த உருண்டைக்குத்தான் காலனியில் ஆள் அதிகம்.

தொம்மை அவளை அடிப்பான். குழம்பில் உப்புக் கூடினால் அடி, குறைந்தால் அடி, சரியாக இருந்தால் எவனுக்குச் சமைத்து இப்படிப் பழகினாய் என்று கேட்டு அடி. ஐம்பது கிலோ மூட்டையைப் பூப்போலத் தூக்கி லாரியில் எறிகிற கை அது. அதன் மோதிர விரலில் சிலுவை பொறித்த வெள்ளி மோதிரம் வேறு. நாற்பது வீட்டிலும் அந்தச் சத்தம் கேட்கும், நாற்பது வீட்டிலும் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள், அதற்கு மேல் யாரும் எதுவும் செய்ததில்லை.

ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பிரகாசி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே ஒரு உருண்டையை வைத்து உருட்டிக்கொண்டிருந்தபோது, தொம்மை அடுக்களைக்குள் வந்து, காரணம் என்னவென்று அவனே மறந்துபோன ஒரு காரணத்துக்காக, அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அவளுக்கு வலிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் காற்று வந்து முகத்தில் பட்டதுபோல இருந்தது, அவ்வளவுதான். ஆனால் கைக்குள் இருந்த உருண்டை ஒரு துள்ளு துள்ளி, வெதுவெதுப்பாகி, ஈயக்குண்டுபோலக் கனத்தது. அவள் அதைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அவன் மறுபடி அடித்தான். அதுவும் கனத்தது. அழாத பெண்டாட்டியை எவ்வளவு நேரம்தான் அடிப்பது என்று தொம்மை ஏழாவதோடு அலுத்துப்போய் வெளியே போய்விட, பிரகாசி ஏழு உருண்டைகளையும் மற்றவற்றோடு சேர்த்துச் சாக்லேட்டில் முக்கி, காயவைத்து, மறுநாள் பக்கத்து வீட்டு அல்போன்சாள் மகனின் ஐந்தாவது பிறந்தநாளுக்குக் கொடுத்தனுப்பினாள். வேண்டுமென்று செய்யவில்லை. எது எங்கே போகும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

பிள்ளை உருண்டையைக் கடித்த மாத்திரத்தில் பளார் என்று சத்தம் கேட்டது, பிள்ளை நாற்காலியோடு சாய்ந்தான், முன்பல் ஒன்று பறந்துபோய் பலூன்களுக்கு நடுவில் விழுந்தது. அந்தச் சின்னக் கன்னத்தில் ஐந்து விரல் பதிந்திருந்தது. நாலாவது விரலின் அடியில் குட்டியாக ஒரு சிலுவையும் பதிந்திருந்தது. அடுத்த அறையில் ஒரு பெரியப்பா விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாடிப்படியில் நின்று தின்ற ஒரு கல்லூரிப் பெண்ணின் உதடு கிழிந்தது. சிலுவையைப் பார்த்ததும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது, ஏனென்றால் அந்தச் சிலுவையைப் பிரகாசியின் முகத்தில் பத்து வருசமாக அவர்கள் பார்த்துவந்தவர்கள்தானே.

காலனியே திரண்டு வந்து தன் தலைமுடியைப் பிடிக்கும் என்று பிரகாசி மறுநாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் அல்போன்சாள் மட்டும் வந்தாள். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாள், அதுவும் பால்பல்தான், எப்படியும் விழப்போனது என்று. பிறகு குரலைத் தணித்தாள்.

"ஏட்டி பிரகாசி, எந்த உருண்டையில அடி இருக்கு, எதுல இல்லன்னு உனக்கு அடையாளம் தெரியுமா?"

"தூக்கிப் பாத்தா தெரியும்க்கா. அடி வாங்குனது கனக்கும்."

"அப்ப எனக்குக் கனக்குறதுல ஒண்ணு வேணும். எங்க நாத்தனா ஞாயித்துக்கிழம வாரா."

இப்படித்தான் ஆரம்பித்தது. அதிசயம் நடந்தால் அதற்குக் காரணம் தேடுவது படித்தவர்கள் வேலை. சங்குமேட்டுக்காரர்கள் அதற்கு உபயோகம் தேடினார்கள். ஒரு மாதத்துக்குள் மேலே வெள்ளைச் சீனித் தூவல் போட்டது அறை என்றும், சிவப்புத் தூவல் போட்டது உதை என்றும், வெள்ளைச் சாக்லேட்டால் வரிவரியாகக் கோடு இழுத்தது பெல்ட் என்றும் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. மாமியாருக்கு மருமகள் கொடுத்தாள், மருமகளுக்கு மாமியார் கொடுத்தாள், பிள்ளையைப் பெயிலாக்கிய வாத்தியாருக்கு ஆசிரியர் தின வாழ்த்தோடு ஒரு டப்பா போனது, நாலு வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் ஒரே நாளில் ஒருவருக்கொருவர் டப்பா அனுப்பி ஒரே நேரத்தில் தரையில் விழுந்தார்கள். போலீசில் சொல்ல வழியில்லை. அடித்தவன் அந்நேரம் உப்பளத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பான், கொடுத்தவன் கையில் சாக்லேட் இருந்ததே தவிரக் கம்பு இல்லை. இது பாவமா என்று பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் ஒருத்தி கேட்டதற்கு, அவர் நெடுநேரம் யோசித்து, பேராசையோடு தின்பது பாவம்தான் என்று சொன்னாராம். தெரிந்தும் ஏன் தின்றார்கள் என்று கேட்பீர்கள். தின்றவர்கள்தான் சொல்ல வேண்டும். அடி வாங்கியது அடி வாங்காததைவிட ருசி என்பது எல்லோருடைய அபிப்பிராயம்.

தொம்மைக்கு விஷயம் தெரிந்ததும் அவன் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "மாவு உங்க அக்காது, ஆனா சரக்கு என்னுது" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டான். இவ்வளவு நாளும் தெருவில் அவன் போனால் முகத்தைத் திருப்பிய பெண்கள் இப்போது நின்று விசாரித்தார்கள்: கை எப்படி இருக்கு தம்பி, தோள் வலி தேவலையா, வெள்ளிக்கிழமை எனக்கு அஞ்சு சிவப்பு வேணும், மறந்திராத. காலனியில் ஒரு வழக்கம் உண்டு, பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது, ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் தர வேண்டும். பிரகாசியின் டப்பாக்கள் திரும்பி வந்தபோது அதில் ஆட்டுக்கால் இருந்தது, நல்லியெலும்பு இருந்தது, நாட்டுக்கோழி முட்டை இருந்தது, எல்லாம் தொம்மையின் கைக்குப் பலம் வர. அதையும் அவள்தான் கழுவி, மிளகு தட்டிப்போட்டு, சூப்பு வைத்து அவனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

அவளுக்கு வலி இல்லைதான். கையில் உருண்டை இருக்கும்வரை கன்னத்தில் காயமில்லை, முதுகில் தடிப்பில்லை, பத்து வருசத்தில் முதல்முறையாக அவள் முகம் தெளிந்திருந்தது, அதைப் பார்த்துப் பிரகாசிக்கு என்ன குறை என்று நாலு பேர் சொன்னார்கள். ஆனால் ஒருவன் உன்னை நோக்கிக் கை ஓங்கி வருகிறபோது, அது வலிக்காது என்று தெரிந்தாலும், கண் தானாக மூடிக்கொள்கிறதே, அதை எந்த உருண்டைக்குள் வைப்பது. அவள் ராப்பகலாக உருட்டினாள். அவன் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் அவள் கை தானாக மாவுக் கிண்ணத்துக்குப் போகும். மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் ஜெனிலாவை மட்டும் அந்த நேரத்தில் உள் அறைக்கு அனுப்பிவிடுவாள். பிள்ளை மீது அவன் கை வைத்ததில்லை என்பதுதான் அவளுடைய ஒரே நிம்மதி.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும், அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாக்லேட் உருண்டை செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் செய்கிற தப்பு ஒன்று உண்டு. பிரிட்ஜிலிருந்து எடுத்த உருண்டையைப் பத்து நிமிசம் வெளியே வைத்துக் குளிர் தணியவிட வேண்டும், சாக்லேட்டையும் கீழுதட்டில் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு தெரிகிற அளவுக்கு ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுச் சில்லென்ற உருண்டையைக் கொதிக்கிற சாக்லேட்டில் முக்கினால், பார்க்க நன்றாகத்தான் இருக்கும், கால் மணி நேரத்தில் மேல்தோடு டப்பென்று விரிசல் விட்டுவிடும். ஐப்பசி மழையில் ஒரு நாள் அவளுக்கு அப்படி இரண்டு விரிந்துபோயின. அதே நேரம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த தொம்மையின் தலை இரண்டு தடவை பக்கவாட்டில் திரும்பியது. உப்பள வாசலில் எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று அவன் எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கட்டினான். பிரகாசி விரிந்த உருண்டைகளைத் தூக்கிப் பார்த்தாள், பஞ்சுபோல இருந்தன. தின்றால் தின்றவனுக்கு, விரிந்தால் அடித்தவனுக்கு. அவள் அதை மனசில் போட்டுப் பூட்டிக்கொண்டாள், அவ்வளவு தைரியம் அவளுக்கு அப்போது இல்லை.

கார்த்திகையில் மரியசிலுவைக் கிழவர் செத்தார். வீட்டை எழுதித்தரவில்லை என்ற கோபத்தில் மகன் பெல்ட் உருண்டை ஒரு டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறான், கிழவர் வலியில் துடித்துக்கொண்டே ருசியை விட முடியாமல் ஆறையும் தின்றிருக்கிறார். குளிப்பாட்டும்போது முதுகில் கோடு கோடாகக் கன்றியிருந்தது. ஒண்ணோட நிறுத்தியிருக்கலாம், வயசான காலத்துல நாக்க அடக்க வேண்டாமா என்று பேசிக்கொண்டே காலனி அவரை மரியாதையாக அடக்கம் செய்துவிட்டு வந்தது.

பிரகாசி ஓவனைத் துணிபோட்டு மூடினாள். காலனிச் சங்கத் தலைவர் பாக்கியநாதன் பத்துப் பேரோடு வந்து உட்கார்ந்தார். ஐஸ்கிரீம் கடை வைத்திருப்பவர், குரல் குளிர்ச்சியாக இருக்கும்.

"தாயி, முன்னெல்லாம் இந்தக் காலனியில வருசத்துக்கு ரெண்டு அரிவாள் வெட்டு விழும். இப்ப ஒண்ணு உண்டுமா? அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாக."

"ஒரு உசுரு போயிட்டே அண்ணாச்சி."

"ஒண்ணுதான போச்சு. நீ நிறுத்துனா இன்னும் எத்தன போவும், யோசி."

"அப்ப நான் தெனம் வாங்கணுமா?"

"உனக்குத்தான் வலிக்கலியே தாயி."

பத்துப் பேரும் தலையாட்டினார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அல்போன்சாள் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். பிரகாசி ஓவன்மேல் போட்ட துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னார்கள். சப்பரத் திருவிழா வருகிறது, சப்பரம் முதலில் எந்தத் தெருவுக்குள் நுழைவது என்பதில் பக்கத்துக் கீழச் சங்குமேட்டோடு தகராறு, இந்த வருசம் சமாதானமாகப் போகிறோம் என்று சொல்லி அங்கே வீட்டுக்கு வீடு இனிப்புக் கொடுக்கப்போகிறார்கள். இருநூறு உருண்டை வேண்டும். எல்லாம் கனமாக.

தொம்மை உப்பளத்துக்கு மூன்று நாள் லீவு போட்டான். பாக்கியநாதன் தன் கடையின் ஐஸ்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அடுக்களையில் இறக்கினார். காலை ஒன்பது மணிக்கு அவன் ஆரம்பிப்பான், பதினொன்றுக்குச் சூப்பு, ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்றிலிருந்து ஐந்து வரை மறுபடியும். மேஸ்திரி வேலைபோல முறையாக நடந்தது. அவள் உருட்ட உருட்ட அவன் அடித்தான், கன்னத்தில் அடித்தான், முதுகில் மிதித்தான், பெல்ட்டைச் சுழற்றினான், அலுப்புத் தீர இடையிடையே அவளுடைய அம்மாவையும் அப்பாவையும் வைதான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு உருண்டை துள்ளிக் கனத்தது. அவள் அதை ஐஸ்பெட்டியில் அடுக்கினாள். வாசலில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து தூவல் வண்ணம் பிரித்துக்கொண்டிருந்தார்கள், உள்ளே விழுகிற சத்தத்தை வைத்தே இது வெள்ளை, இது சிவப்பு என்று சரியாகச் சொன்னார்கள். அவள் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அவளால் தன் பெயரைக்கூட நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை, வெகுநேரம் மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. பதினோரு மணிக்கு இருநூறாவது அடியும் முடிந்து தொம்மை கையை உதறிக்கொண்டு வாசலுக்குப் போனான். உருண்டைகளைச் சாக்லேட்டில் முக்கி வைக்கப் பார்த்தால் பட்டர் பேப்பர் தீர்ந்துபோயிருந்தது. ஜெனிலா படம் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தது நினைவு வந்து, பிரகாசி அவள் புத்தகப் பையைத் திறந்தாள். பேப்பர் இருந்தது. அதன் அடியில், ஒரு சின்ன டிபன் டப்பாவுக்குள், கோணல்மாணலாக, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, நாலு உருண்டை இருந்தது. இவள் உருட்டியவை இல்லை. ஒன்றை எடுத்தாள். உள்ளங்கை தாழ்ந்தது, அவ்வளவு கனம்.

"ஏளா ஜெனிலா, இத யாரு உருட்டுனது?"

"நாந்தாம்மா. உன் கிண்ணத்துல இருந்து கொஞ்சமா எடுத்தேன்."

"எதுக்கு?"

"நீ கடைக்குப் போறப்ப அப்பா கூப்பிடுவாங்கல்ல, அப்ப கையில வச்சுக்கிடுவேன். வலிக்காதும்மா." பிள்ளை ஏதோ நல்ல மார்க் வாங்கியதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "ஸ்கூல்ல யாருக்காச்சும் குடுத்துரலாம்னு கொண்டு போனேன். குடுக்கறதுக்கு மனசு வரல."

பிரகாசி அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளில் விழுந்த இருநூறும் அவளுக்கு வலிக்கவில்லை, இது வலித்தது. தன் கை செய்கிற காரியத்தைத் தன் பிள்ளை கதவிடுக்கில் நின்று பார்த்துப் படித்திருக்கிறாள், ஊரில் பெரியவர்களெல்லாம் யோசிக்காமல் வாங்கி யாருக்கோ கொடுத்ததை, எட்டு வயசுப் பிள்ளை ஒருவருக்கும் கொடுக்காமல் பையில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். பிரகாசி அழுதாள். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, நாலையும் ஒரு தட்டில் தனியாக வைத்தாள், குளிர் தணிய வேண்டுமென்பதுபோல. அடுப்பைப் பெரிதாக வைத்தாள்.

சாக்லேட் கொப்புளம் விட்டுக் கொதித்தது. உதட்டில் தொட்டுப் பார்க்கவில்லை. ஐஸ்பெட்டியைத் திறந்து, கல்லாக உறைந்திருந்த உருண்டைகளை வெளியே ஒரு நிமிசம்கூட வைக்காமல், எடுத்ததை முக்கினாள், முக்கியதைப் பேப்பரில் வைத்தாள், இருநூறும் தட்டுத் தட்டாக அடுக்களையை நிறைத்தன, பளபளவென்று அப்படியொரு அழகு. பிறகு அடுப்பைக் குறைத்து, வேறொரு கிண்ணத்தில் சாக்லேட்டைப் பொறுமையாக ஆறவிட்டு, கீழுதட்டில் இரண்டு தடவை தொட்டுப் பார்த்து, மகளுடைய நாலை மட்டும் முறைப்படி முக்கி எடுத்தாள்.

தொம்மை தெருவில் பிளாஸ்டிக் நாற்காலியில் பாக்கியநாதனுக்குச் சரிசமமாக உட்கார்ந்து சூப்புக் குடித்துக்கொண்டிருந்தான். உள்ளே டப்பென்றது. அவன் கையிலிருந்த டம்ளர் தெறித்தது, அவன் கன்னத்தில் அவனுடைய மோதிரத்துச் சிலுவையே பதிந்தது. குளவி கொட்டிவிட்டது என்றான். டப், டப் என்றது. மூக்கு உடைந்தது. அப்புறம் நிறுத்தமில்லை. நாற்காலியோடு உதைபட்டு விழுந்தான், எழுந்தான், முட்டியில் மிதிபட்டு மறுபடி விழுந்தான், சட்டை கிழியாமலே முதுகில் பெல்ட் கோடுகள் ஊறி வந்தன, மூன்று நாள் ஊறவைத்து ஊட்டிவிட்ட பலம் முழுக்க ஒரே நேரத்தில் அவன்மேல் இறங்கியது. பிடித்து நிறுத்த ஓடிய ஆண்கள் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் கையைப் பிசைந்தார்கள். இந்த முறை டிவியின் சத்தத்தைக் கூட்டி வைக்க யாரும் வீட்டுக்குள் இல்லை. நாற்பது வீடும் தெருவில் நின்று கேட்டது.

அல்போன்சாள் அடுக்களைக்குள் ஓடிவந்தாள். "ஏட்டி, எல்லாம் வெடிச்சுப் போச்சே, என்ன செஞ்ச?"

"சாக்லேட்டு சூடு கூடிட்டுக்கா. அவசரத்துல பாக்கல."

அல்போன்சாள் இருபது வருசம் அடுப்படியில் நின்றவள். இன்னும் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள், ஓரமாகத் தனியே இருந்த நாலைப் பார்த்தாள், பிரகாசியின் முகத்தைப் பார்த்தாள். போய் அடுப்பை அணைத்தாள்.

சத்தம் ஓய்ந்தபோது தொம்மையின் வலது கை மூன்று இடத்தில் முறிந்து தெருவில் கிடந்தது, அவனும் அதோடு கிடந்தான், உயிர் இருந்தது. அப்ப நம்ம ஆர்டர் என்று பாக்கியநாதன் ஆரம்பித்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்காததால் பாதியில் விட்டார். பிரகாசி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு டிபன் டப்பாவோடு வந்து அவன் தலைமாட்டில் நின்றாள்.

"இதுல நாலு இருக்கு. எப்பெப்ப அடிச்சீங்க, சொல்லுங்க."

அவன் வீங்கிய கண்ணால் டப்பாவைப் பார்த்தான். நிஜமாகவே யோசித்தான். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"ஒண்ணு ரிமோட்டு தேடித் தராததுக்கு," என்றாள் ஜெனிலா. "ஒண்ணு ஷூவ வாசல்ல போட்டதுக்கு. ஒண்ணு நீங்க அம்மாவ அடிக்கயில கதவத் தொறந்ததுக்கு. நாலாவது எதுக்குன்னு எனக்கும் தெரியாதுப்பா."

தெரு முழுக்க அதைக் கேட்டது. இருநூறு அடியைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அப்போதுதான் ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள். பிரகாசி டப்பாவை மகளிடம் கொடுத்தாள். "இது உன்னோடது. ஒடச்சாலும் சரி, வச்சுக்கிட்டாலும் சரி." ஜெனிலா அப்பாவை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு டப்பாவை மூடி, உள்ளே போய், பிரிட்ஜின் மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அந்த வருசம் சப்பரம் முதலில் கீழச் சங்குமேட்டுக்குள்தான் போனது, யாரும் தகராறுக்குப் போகவில்லை. தை பிறப்பதற்குள் காலனியின் நாற்பது வீட்டுப் பெண்களும் பிரகாசியிடம் வந்து கேக் உதிர்க்கவும் உருட்டவும் முக்கவும் கற்றுக்கொண்டார்கள், அடுப்பைச் சின்னதாக வைப்பது எப்படி, பெரிதாக வைப்பது எப்படி என்பது உட்பட. அதன்பிறகு சங்குமேட்டில் ஒரு அடிச்சத்தம் கேட்டதில்லை, ஆனால் எந்த வீட்டுப் பிரிட்ஜில் எத்தனை இருக்கிறது என்று அந்தந்த வீட்டு ஆணுக்குத் தெரியாது. கரண்டு போய்க் குளிர் விட்டால் தோடு விரியுமோ என்று பயந்து, காலனிக்குத் தடையில்லாமல் கரண்டு தர வேண்டும் என்று பாக்கியநாதன் தலைமையில் ஆண்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு மின் அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தார்கள். அந்த மனுவில் ஒரு பெண்ணின் கையெழுத்தும் இல்லை.

தொம்மை உப்பளத்துக்குப் போவதில்லை, மூட்டை தூக்கக் கை வராது. பிரகாசி போடுகிற சாப்பாட்டை உப்புக் கூடினாலும் குறைந்தாலும் பேசாமல் சாப்பிடுவான். ஜெனிலா இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள், அந்த டப்பாவைத் தொடுவதுமில்லை, எடுத்து எறிவதுமில்லை. கரண்டு போகிற நேரமெல்லாம் அவன் எழுந்து போய்ப் பிரிட்ஜை ஒட்டி உட்கார்ந்து, நல்ல கையை அதன் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, மறுபடி அது ஓட ஆரம்பிக்கிறவரை அசையாமல் காத்திருப்பான்.